குண்டு மிஷினுக்கு அடித்த கிளியர்

"வாய்தா முடியுற வரைக்கும் அந்த வூட்டுப் படிய மிதிக்காதப்பா" என்று அப்பா சொல்லியிருந்தார். மிதித்தேன். ஒரு நாள் இல்லை, பதினேழு நாள் மிதித்தேன். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. நானாகத்தான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, செருப்புக் காலோடு, முன் வாசல் வழியாகப் போனேன். இருபத்தாறு வயதில் புத்தி எங்கே வேலை செய்யும், வாய்தான் வேலை செய்யும்.

அந்த வீடு என்றால் எங்கள் ஊர் மிராசுதார் வீடு. வலங்கைமானிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் வந்து, ஆற்றுப் பாலத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். சுற்றி இருந்த நிலத்தில் பெரும்பகுதி அவருடையது. உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அதில் பாதி மச்சான் பேரிலும் மாமியார் பேரிலும் இருந்தது, அது வேறு விஷயம். அதில் ஆறு மா நிலத்தை, இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்பா குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். விதை அப்பாவுடையது, மாடு அவருடையது, பாடும் அவருடையது. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே குத்தகை நெல்லை அளந்து விட்டுவிடுவார். அளந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. கேட்டால் மரியாதைக் குறைவு.

அந்தச் சமயத்தில்தான் குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் வேலையைச் சர்க்கார் ஆரம்பித்தது. பதிவேட்டில் பேர் ஏறிவிட்டால் லேசில் யாரும் வெளியேற்ற முடியாது. மேடைகளில் கைதட்டல் பறந்தது. கட்சிக்காரர்கள் கேட்டுக்கொண்டதற்காக நானே ஊர்ச் சுவர்களில் 'உழுபவனுக்கே நிலம்' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறேன். சுவரில் எழுதுவது சுலபம். பதிவு வருகிறது என்று தெரிந்ததும் பல ஊர்களில் நிலத்துக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். குத்தகைக்காரனை இறக்கிவிட்டு வெளியூர் ஆளை வைத்து அறுத்தார்கள். விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் கொடியோடு வரப்பில் நின்றார்கள். நடுவில் போலீஸ் வேன் நின்றது. பக்கத்து ஊரில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது.

அப்பா மனுக் கொடுத்தார். மிராசுதார் தரப்பிலிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது. இவன் குத்தகைக்காரன் இல்லை, எங்கள் பண்ணையாள், கூலிக்கு உழுகிறவன், இவன் குடும்பமே எங்கள் வீட்டில் வேலை பார்த்துச் சாப்பிடுகிற குடும்பம் என்று எழுதியிருந்தார்கள். குத்தகைக்காரன் என்று முடிவானால் ஆறு மாவும் நிற்கும். பண்ணையாள் என்று முடிவானால் 'நாளையிலேருந்து வராத' என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் போய்விடும்.

அதனால்தான் சங்கத்துச் செயலாளர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே அப்பாவிடம் சொன்னார்.

"நம்மகிட்ட காகிதம் இல்ல. ஆனா ஊரு சாட்சி சொல்லும். நீங்க செய்யவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மாசியில வாய்தா. அது முடியுற வரைக்கும் உங்க வூட்டு ஆளு ஒருத்தரும் அங்க வேலைக்குப் போவக்கூடாது. கூப்புடுவாங்க. தேங்கா உரிக்கக் கூப்புட்டாக்கூட போவக்கூடாது."

அப்பாவும் தம்பியும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன்.

நான் வயல் வேலைக்காரன் இல்லை. கும்பகோணத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டர். ஸ்பிரே கன் பிடித்தால் என் மணிக்கட்டுக்கு நிகர் அந்த வட்டாரத்தில் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டறையிலேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமைக்கு ஊர். நடவு, அறுப்பு நேரத்தில் மட்டும் லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவோடு சேற்றில் இறங்குவேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் மிராசுதாரின் இளைய மகன் பட்டறைக்கு வந்தான். சென்னையில் படித்தவன், என் வயதுதான். மலைமேல் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்களுடைய கிளப் ஒன்றை மூடியபோது, அங்கே கிடந்த ஒரு ஆட்ட மிஷினை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவன் அதை பின்பால் என்றான். எங்கள் ஊர் ஜனங்கள் அதற்குள் குண்டு மிஷின் என்று பேர் வைத்துவிட்டார்கள். சாய்வான பலகையில் ஒரு இரும்புக் குண்டு ஓடும், மோதிய இடமெல்லாம் மணி அடிக்கும், விளக்கு எரியும். அதன் பலகை பாழாகிக் கிடக்கிறது, தையில் தங்கைக்குக் கல்யாணம், சென்னையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்குவார்கள், அதற்குள் புதுசு மாதிரி ஆக்கித் தரவேண்டும் என்றான்.

"தஞ்சாவூர்ல ரெண்டு எடத்துல கேட்டேன். யாராலயும் முடியாதுன்னுட்டாங்க" என்றான் முதலாளியிடம்.

அங்கேதான் நான் கெட்டேன். முடியாது என்ற வார்த்தை என் காதில் விழவே கூடாது. பட்டறையில் இன்னும் இரண்டு பெயிண்டர்கள் இருந்தார்கள். முதலாளி அவர்கள் பக்கம்தான் திரும்பினார். நான் கையில் இருந்த கன்னைக் கீழே வைத்துவிட்டு, "நான் பாக்குறேங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னபோது அவர் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். உதறுவதை நிறுத்திவிட்டார்.

"செயலாளரு என்ன சொன்னாரு?"

"அது பண்ணை வேலைக்குப்பா. நான் போறது பட்டறை வேலை. கூலி பட்டறைக்குப் போவுது, எனக்குப் பட்டறை குடுக்குது. முன் வாசல்ல போயி முன் வாசல்ல வருவேன். சட்டையைக் கழட்ட மாட்டேன், செருப்பைக் கழட்ட மாட்டேன், அவங்க வூட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன். பண்ணையாள் மாதிரியா இருக்கேன் நான்? பாத்துக்கட்டுமே!"

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "மிஷினக் கும்பகோணத்துக்கு எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.

அது முடியாது என்று விளக்கினேன். பலகையின் அடியில் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி வயர்கள், லாரியில் வந்தபோதே பாதி அறுந்ததாம், மறுபடி எடுத்துப் போனால் நூறு இடத்தில் அறுந்துவிடும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆறு மா நெலம்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி வைக்கோலை எடுத்தார்.

சொன்னபடியே போனேன். மார்கழி பிறந்த மறுநாள், முன் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கப் படியேறினேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் படியில் செருப்போடு ஏறிய முதல் கால் என்னுடையது. எதிர் வீட்டுத் தென்னை மரத்தடியில் நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள்.

மிஷினைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. அடேயப்பா! நாலு காலில் நிற்கும் பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே சர்க்கஸ் கூடாரம் ஒன்றைப் பலகை முழுக்க வரைந்திருந்தார்கள். யானை, கோமாளி, ஊஞ்சலில் தொங்கும் ஒரு பெண். எத்தனையோ வருஷம் குண்டு ஓடி ஓடி அதன் தடம் கறுப்பாக விழுந்திருந்தது. அந்தப் பெண்ணின் முகம் இருந்த இடத்தில் வெறும் மரம் தெரிந்தது. விளக்கு எரிவதற்காகப் பலகையில் பதித்திருந்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஜன்னல்கள் சுருங்கிக் குழிந்திருந்தன. குண்டு அதில் தட்டி வழி மாறும்.

முதல் நாலு நாள் கழற்றவே போயிற்று. பலகைமேல் இருந்த ரப்பர், கம்பி, தூண் ஒவ்வொன்றையும் கழற்றி, எது எங்கே என்று ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொண்டேன். பிறகு அழுக்கை எடுத்தேன். குழிந்த ஜன்னல்களைப் பின்னாலிருந்து தள்ளி, பசை வைத்து, மேலே கனத்தை ஏற்றி மட்டம் செய்தேன். பிறகு படம். எனாமலில் தொட்டால் மேலே லாக்கர் விழுந்ததும் தோல் மாதிரி சுருங்கிவிடும், அதனால் கார் பெயிண்ட்டிலேயே நிறம் கலந்து, ஊசி முனை பிரஷ்ஷில் விட்ட இடங்களைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண்ணின் முகத்துக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று. மூக்கு, உதடு, கண் எல்லாம் முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மிராசுதாரின் மகன் பின்னால் வந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தான். என்னவென்று பார்த்தால், வெள்ளைக்காரிக்கு நெற்றியில் சிவப்பாகப் பொட்டு வைத்திருக்கிறேன்! நான் வைத்தது எனக்கே தெரியாது. சுவர் விளம்பரங்களில் பெண் முகம் எழுதி எழுதி, கை தானாகப் போய் வைத்துவிட்டது. துடைக்கப் போனேன்.

"வுடுப்பா, நல்லாத்தான் இருக்கு. நம்ம வூட்டுக்கு வந்துட்டாள்ல" என்றான்.

நல்லவன் மாதிரிதான் பழகினான். அதுவும் ஒரு சங்கடம். விரோதி வீட்டில் விரோதி விரோதியாக இருந்தால் நமக்கு நிம்மதி. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மிஷினைப் பற்றி ஆசையாகப் பேசுவான், நானும் ஆசையாகக் கேட்பேன். வெளியே வந்ததும் யார் கண்ணிலும் படாமல் பாலம் வரை வேகமாக நடப்பேன். டீக்கடையில் செயலாளர் ஒரு நாள் மறித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, ஒனக்கு என்ன தலையெழுத்தா? கும்போணத்துல பஸ்ஸே இல்லியா பெயிண்ட் அடிக்க?"

"பட்டறை வேலைங்க. நாளைக்கு யாரு கேட்டாலும் சொல்லுவேன்."

"நீ சொல்லுவ. கேக்குற எடத்துல ஒன்னையக் கேக்கணுமே" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

படம் முடிந்து கிளியர் அடிக்கிற கட்டம் வந்தது. கிளியர் என்பது நிறமே இல்லாத லாக்கர். படத்தின் மேல் ஏழெட்டுப் பூச்சு ஏற்றி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்து, மறுபடி ஏற்றவேண்டும். கடைசியில் கண்ணாடி போலப் பலகை நிற்கும், குண்டு அதன்மேல்தான் ஓடும், படத்தைத் தொடாது. கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஈரமான லாக்கருக்குத் தூசி ஆகாது. ஒரு நூல், ஒரு மண் துளி விழுந்தால் உள்ளேயே புதைந்துவிடும். மறுபடி தேய்த்துத்தான் எடுக்கவேண்டும்.

பட்டறையிலிருந்து சின்ன கம்பிரஸரைக் கொண்டுவந்து, கூடத்துக் கதவு ஜன்னலை அடைத்து, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமுக்கினேன். முதல் பூச்சு அடித்தேன். காய்ந்ததும் பார்த்தால் பலகை முழுக்க மணல் மணலாக இருந்தது. என் செருப்பில் ஒட்டி வந்த வாய்க்கால் கரை மண். சட்டையிலிருந்து உதிர்ந்த பஞ்சு வேறு. தேய்த்து எடுத்துவிட்டு மறுநாள் செருப்பை வாசலிலேயே விட்டேன். அதற்கடுத்த நாள் சட்டையையும் கழற்றி ஆணியில் மாட்டினேன். பனியனும், மடித்துக் கட்டிய வேட்டியும், தலைமுடி விழாமல் இருக்கத் தலையில் ஒரு ஈரத் துண்டும். பட்டறையிலும் அப்படித்தான் அடிப்போம். தொழில் தெரிந்தவன் வேறு எப்படி அடிப்பான்? அப்பாவிடம் போட்ட சபதம் அப்போது ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வேலை கெட்டுவிடுமே என்றும் வந்தது. வேலைதான் ஜெயித்தது.

நாலாவது பூச்சில் காரியம் கெட்டது. காலையில் பனி முழுசாக விலகுவதற்கு முன்பே அவசரப்பட்டு அடித்துவிட்டேன். அடித்துக் கொஞ்ச நேரத்தில் யானை மங்கியது. கோமாளி மங்கினான். பலகை முழுக்கக் கஞ்சித் தண்ணீரை ஊற்றியது போல வெளுத்துப்போயிற்று. காற்றிலிருந்த ஈரத்தை லாக்கர் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. சரியாக அந்த நேரத்தில் மிராசுதார் கூடத்துக் கதவைத் திறந்தார். அத்தனை நாளில் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னடா இது? படத்தையே அழிச்சுட்டியா?"

"இல்லைங்கய்யா. பனி. மத்தியானம் எடுத்துடுவேன்."

"எடுத்துடுவ?" என்று கேட்டுவிட்டு, பலகையைப் பார்க்காமல் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "ஒங்கப்பன் வீட்டு வெவகாரத்துக்காக இதக் கெடுத்தியோ..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

வெயில் ஏறும்வரை அந்தப் பலகையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இது தெளியாவிட்டால் வேண்டுமென்றே கெடுத்தேன் என்பார்கள். போலீசுக்குப் போவார்கள். வாய்தாவுக்கு முன்னால் மகன் ஸ்டேஷனில், அப்பாவைக் கேட்கவே வேண்டாம். உச்சி வெயிலில் கதவைத் திறந்துவிட்டு, மெதுவாக உலரும் தின்னரைக் கன்னில் ஊற்றி, பலகைக்கு மேலே தூரத்திலிருந்து மூச்சுக் காற்றைப் போல விட்டேன். மேல் பூச்சு மறுபடி இளகியது. உள்ளே மாட்டியிருந்த ஈரம் மெல்ல மெல்ல வெளியேறியது. முதலில் ஊஞ்சல் கயிறு தெரிந்தது. பிறகு பொட்டு தெரிந்தது. பிறகு முகம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன்பிறகு பதினொரு மணிக்கு முன்னால் நான் கன்னைத் தொடவில்லை.

கடைசி இரண்டு நாள் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையைப் போட்டுத் தேய்த்து, எல்லாவற்றையும் பழையபடி பூட்டினேன். பதினேழாம் நாள் மிராசுதாரின் மகன் சுவிட்சைப் போட்டான். விளக்குகள் எரிந்தன. முதல் குண்டை என்னையே விடச் சொன்னான். ஸ்பிரிங்கை இழுத்து விட்டேன். என் கிளியர்மேல் அந்தக் குண்டு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் மேலே மோதி மணி அடித்தது பாருங்கள், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எனக்கு இதுவரை வேறெதுவும் கிடைத்ததில்லை. வீட்டுப் பெண்களெல்லாம் கதவோரம் வந்து நின்று பார்த்தார்கள். மிராசுதாரே, "பரவால்லியே" என்றார்.

மகன் காமிராவை எடுத்தான். "ஒன்ன ஒரு படம் எடுக்கணும்ப்பா. இங்க இருட்டு, விழாது. கொல்லைப் பக்கம் வா, வெளிச்சம் நல்லா இருக்கு."

போனேன். காம்பவுண்ட் தேய்த்த அழுக்குப் பனியன், வெறுங்கால், தலையில் துண்டு. கொல்லையில் மாட்டுத் தொட்டி, வைக்கோல் போர். மிராசுதார் பின்னாலேயே வந்தார், கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, மேலே ஒரு வேட்டி துண்டு. வேலையை முடித்த ஆசாரிக்கும் கொடுப்பார்கள், தெரியும். ஆனால் ஆசாரிக்குக் கூடத்தில் வைத்துக் கொடுப்பார்கள். கொல்லையில் வைத்துக் கொடுப்பது யாருக்கு என்பதும் எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் சின்ன வயதில் அதே கொல்லையில் பண்ணை ஆட்கள் வரிசையாக நின்று வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் தட்டை நீட்டினார். என் கை மேலே போய்த் தலைத்துண்டை உருவியது. உருவிய துண்டு என் இடுப்பில் இருந்தது. முதுகு வளைந்திருந்தது. இரண்டு கையும் நீண்டிருந்தன. காமிரா 'டிக்' என்றது. அதன் பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. நிமிர்ந்தேன். நிமிர்ந்து என்ன பிரயோஜனம்?

அவன் வேண்டுமென்றே கூப்பிட்டானா, வெளிச்சத்துக்காகத்தான் கூப்பிட்டானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சில நாள் சூழ்ச்சி என்று தோன்றும். சில நாள், பாவம், மிஷின் பைத்தியம் என்று தோன்றும். என்னை வளையச் சொல்லி அவன் சொல்லவில்லை, அது நிச்சயம். அந்த வேட்டியை வழியிலேயே பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாசியில் வாய்தா வந்தது. தாலுகா ஆபீசில் ஒரு நீள மேஜை, அதன் பின்னால் பதிவு அதிகாரி. ஒரு பக்கம் மிராசுதாரின் வக்கீல். இந்தப் பக்கம் அப்பா, செயலாளர், பின்னால் நான். எங்கள் ஊர் ஆட்கள் மூன்று பேர் அப்பா குத்தகை அளந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு வக்கீல் ஒரு உறையைத் திறந்து அந்தப் படத்தை மேஜைமேல் வைத்தார்.

"இது மனுதாரரோட மூத்த மகன். போன மார்கழியில பதினேழு நாள் எங்க கட்சிக்காரர் வீட்ல வேலை பார்த்திருக்கான். பொங்கல் துணி வாங்குறான், பாருங்க. இவங்க பரம்பரைப் பண்ணையாளுங்க. குத்தகைக்காரன் மகன் இப்படியா நிப்பான்?"

"பொய்! பெயிண்ட் வேலைங்க, மிஷினுக்கு..." என்று நான் கத்தினேன். அதிகாரி கையை உயர்த்தினார். "ஒன்னைக் கேக்கல."

படம் கைமாறி அப்பாவிடம் வந்தது. அவர் அதை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியவில்லை. செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தச் சிமெண்ட் தரை பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்றிருந்தது. என் அவசரப் புத்தியால், என் வாய்க்கொழுப்பால், நாற்பது வருஷம் அவர் மிதித்த சேறு என் கண் முன்னாலேயே போகிறது.

"இது ஒங்க மகனா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமாங்க."

"வேலை பார்த்தாரா?"

"பாத்தான்ங்க. ஆனா அவன் எங்க வூட்டு ஆளு இல்லீங்க."

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அப்பா படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டாமல், நேராக நின்று பேசினார்.

"அவன் கும்போணத்துல பட்டறைக்காரன். அங்கதான் சாப்பாடு, அங்கதான் தூக்கம். வெளைச்சல்ல அவனுக்குப் பங்கு கெடையாது. வயல்ல எறங்குனதும் கெடையாது. தனியாப் போயி வருஷமாச்சு. அவன் எங்க வேணாலும் போவான், யாருகிட்ட வேணாலும் கையேந்துவான். அதுக்கு நான் பொறுப்பு இல்லீங்க. எங்க வூடுன்னா நானும் எளையவனும்தான். நாங்க ரெண்டு பேரும் அங்க வேலைக்குப் போனோமான்னு கேளுங்க."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"இந்த நிலத்துல ஒனக்குப் பாத்தியதை உண்டா? சாகுபடியில சேர்ந்திருக்கியா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். போன ஆவணியில் நான் நட்ட நாற்று அந்த வயலில் அறுப்பாகி, தாள் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"இல்லைங்க" என்றேன்.

குமாஸ்தா அதை வாக்குமூலமாக எழுதி அப்பாவிடம் நீட்டினார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. செயலாளர் வாங்கப் போனார். அப்பா தடுத்து, தாளை என்னிடம் கொடுத்தார். "படிச்சுச் சொல்லுப்பா. சரியா எழுதியிருக்கான்னு பாரு."

படித்தேன். சத்தம் போட்டுத்தான் படித்தேன். 'எனது மூத்த மகனுக்கு மேற்படி நிலத்தில் எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை. அவன் என் குடும்பத்தைச் சேர்ந்தவனாக இல்லாமல் தனியே வாழ்ந்து வருகிறான்.' ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்தேன்.

"சரியா இருக்குப்பா" என்றேன்.

அவர் மை தொட்டுக் கட்டைவிரலை வைத்தார்.

வெளியே வந்ததும் செயலாளர் டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா என்னைத் திட்டவே இல்லை. நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரப் போனேன். "அந்தப் பக்கம் போயி ஒக்காருப்பா, அவங்க ஆளுங்க இருக்காங்க" என்று உதட்டை அசைக்காமல் சொன்னார். கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தேன். அவர்மீது கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கு வந்தது. ஆறு மாவுக்காக என்னை அறுத்துப் போட்டுவிட்டாரே என்று அழுதேன். அறுப்பதற்குக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவன் நான்தான் என்பது மெதுவாகத்தான் புரிந்தது.

சித்திரையில் உத்தரவு வந்தது. அப்பாவின் பேர் குத்தகைதாரராகப் பதிவாயிற்று. மிராசுதார் மேல்முறையீடு செய்யப்போவதாக ஊரில் பேச்சு. அதற்குச் சாட்சி பிடிக்க, யார் யார் வயலில் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு அவருடைய ஆட்கள் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே இருந்தார்கள்.

ஆனியில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு என்று தம்பி சொல்லி அனுப்பவில்லை, எனக்கே தெரியும். வழக்கம்போல லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் பஸ் பிடித்து வந்தேன். வயலில் தண்ணீர் பளபளவென்று நின்றது. பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் தம்பியும் நாற்று முடி வீசிக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டி ஒரு காலை எடுத்தேன்.

"எறங்காத!" என்று அப்பா கத்தினார். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கரைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தார். "வரப்புலயே நில்லுப்பா."

நின்றேன். அவர் சேற்றை மிதித்துக்கொண்டு வந்து வரப்பில் ஏறினார். வாய்க்காலில் கை கழுவினார். நடவுக்காரர்களுக்காக வைத்திருந்த தூக்குவாளியைத் திறந்து, அவர்கள் யாரும் கரையேறுவதற்கு முன்பே, நீராகாரத்தை ஒரு லோட்டாவில் ஊற்றி, வெளியூரிலிருந்து வந்தவருக்குக் கொடுப்பது போல முதலில் எனக்கு நீட்டினார்.

"குடிச்சுட்டுக் கெளம்புப்பா. ஒம்போது மணி பஸ்ஸு வந்துடும்."